இருபது நாள் சிவப்பு

சிரிக்க வேண்டுமாம். அதுவும் மனசாரச் சிரிக்க வேண்டுமாம், பொய்ச்சிரிப்பு என்றால் இந்தச் சனியன் கண்டுபிடித்துவிடுமாம்.

மதிவதனி மணிக்கட்டில் இருந்த, மனநிலையை அளக்கும் மனப்பட்டையை எரிச்சலோடு பார்த்தாள். புதுத் தொற்று வந்து வீட்டுக்குள் அடைந்த எட்டு மாதமாக, அவள் தூங்கியது, சாப்பிடாதது, அழுதது எல்லாவற்றையும் அது கோள்சொல்லியைப் போல அம்மாவின் போனுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. இருபது நாளாகச் சிவப்புக் கோடுதான். இருபது நாளுக்கு முன்னால்தான் அவளுடைய தோழி ஜெனிஃபர் ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள். போய்ப் பார்க்கக்கூட விடவில்லை.

"மாப்பிள்ளை வீட்டுல ஜாதகத்தோட இந்தப் பட்டையோட பதிவும் கேக்குறாங்கடி. வெள்ளிக்கிழமைக்குள்ள பச்சைக்கு வரணும்," என்றாள் அம்மா.

"வரலன்னா?"

"வேற பொண்ணு பாத்துருவாங்க. நேத்து நீ பகல்ல தூங்கினப்ப நானே அதைக் கழட்டிக் கட்டிக்கிட்டு ரெண்டு மணி நேரம் காமெடி பாத்தேன்."

"அப்புறம்?"

அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "எனக்கும் சிவப்புதான் காட்டுச்சு."

மதிவதனி பட்டையின் மேல் உள்ளங்கையை வைத்து மூடிக்கொண்டாள்.

"இது ஜெனிஃபருக்காக வந்த சிவப்பும்மா. இதை மாத்த மாட்டேன். அப்படியே அனுப்பு," என்று சொல்லிவிட்டு, இரண்டு பேருக்கும் டீ போட எழுந்தாள்.