பழைய தழும்பு

“இவ வந்து ஒரு வாரம்தான் ஆச்சு டாக்டர். அதுக்குள்ள அப்பா உடம்பைப் பாருங்க,” என்றான் கணவன்.

மருமகளுக்குக் காது அடைத்தது. நர்ஸ் சொல்லியனுப்பி, அறைக்குள் ஒரு போலீஸ்காரரே வந்து நின்றுவிட்டார்.

கட்டிலில் மாமனார். தொடையெல்லாம் கன்றிக் கறுத்திருந்தது. வாலிபத்தில் அச்சு இயந்திரம் கிழித்து, எப்போதோ ஆறிப்போன கால் தழும்பு, நேற்று வெட்டியது போல வாய் பிளந்து கிடந்தது.

நான்கு மாதம் தன் அம்மாவின் படுக்கையருகே இருந்துவிட்டுத் திரும்பியவள் அவள். கன்றலைப் பார்த்து முதலில் பதறியவளும் அவள்தான். பதறியதே வினையாகிவிட்டது.

“உங்க மருமக அடிச்சாங்களா பெரியவரே?” போலீஸ்காரர் மறுபடி கேட்டார்.

இல்லை என்று ஒரு வார்த்தை போதும். மாமனார் சுவரைப் பார்த்தபடி கல்லுளிமங்கனாக இருந்தார்.

டாக்டர் அவருடைய உதட்டை விலக்கிப் பார்த்தார். ஈறுகள் வீங்கி ரத்தம் கசிந்துகொண்டிருந்தது.

“யாரும் அடிக்கல,” என்றார் டாக்டர்.

தோலை இழுத்துப் பிடித்திருப்பது கொலாஜன் என்கிற பெரிய புரதமாம். செல்கள் மூன்று இழைகளைச் சேர்த்துக் கயிறு திரிப்பது போல அதைத் திரிக்கின்றனவாம். ஆறிய தழும்பிலும் அந்த வேலை ஓய்வதில்லை. பழையது கரையக் கரையப் புதிது திரித்தாக வேண்டும். வைட்டமின் சி கிடைக்காவிட்டால் முறுக்கு நிற்காது, ரத்தக்குழாய்கள் கசிந்து தோல் தானாகவே கன்றும், தழும்பு பிரிந்துவிடும்.

போலீஸ்காரர் தொப்பியை மாட்டிக்கொண்டு கிளம்பினார். அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

“ஆனா இது ஒரு வாரத்துல வர்றதில்ல. மாசக்கணக்கா ஒரு காய், ஒரு பழம் உள்ள போகல. அவங்க இல்லாதப்ப இவருக்கு யார் சாப்பாடு போட்டது?” என்று கேட்டார் டாக்டர்.

கணவன் செல்போனைத் தடவ ஆரம்பித்தான். சமையலறை மூலையில் குவிந்து கிடந்த பிஸ்கட் உறைகள் அவள் கண்முன் வந்தன. அவள் வாயைத் திறப்பதற்குள் மாமனார் முந்திக்கொண்டார்.

“எம்புள்ள வேளாவேளைக்கு எல்லாம் செஞ்சு போட்டான் டாக்டர். நான்தான் காய்கறியே தொடமாட்டேன்.”

கீரைக்கு இரண்டாம் தடவை தட்டை நீட்டுகிற மனிதர்.

குரல் கணீரென்று வந்தது. இத்தனை நேரம் அதை எங்கே வைத்திருந்தாரோ.