ஏழாவது தாள்

வலிப்புப் பயிற்சியில் நான் முதலில் கற்றுத்தருவது கடிகாரம் பார்ப்பதைத்தான். பொம்மை நோயாளிக்கு வலிப்பு தொடங்கிய நேரத்தையும் நின்ற நேரத்தையும் ஒவ்வொரு நர்ஸும் தாளில் எழுத வேண்டும். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து.

இன்று வந்தவர்கள் ஆறு பேர். பத்து ஐந்துக்குப் பொம்மைக்கு வலிப்பை வரவைத்தேன். பத்து ஒன்பதுக்கு நிறுத்தினேன். தாள்களை வாங்கி எண்ணினால் ஏழு இருந்தன. ஏழாவதில் தொடங்கிய நேரம் சரியாக இருந்தது. நின்ற நேரத்துக்கு எதிரே, ‘இன்னும் நிற்கவில்லை’ என்று எழுதியிருந்தது.

“யாரும்மா இந்தக் குசும்பு பண்ணது?”

“ஆளுக்கு ஒரு தாள்தானே மேடம் குடுத்தீங்க?” என்றாள் ஒருத்தி.

உண்மைதான். நான் எடுத்து வந்ததே ஆறு தாள்கள். எல்லாரையும் ஒரு வரி எழுதச் சொல்லி ஒப்பிட்டேன். எந்தக் கையெழுத்தும் பொருந்தவில்லை. ஒருத்திகூடச் சிரிக்கவும் இல்லை.

அவர்களை அனுப்பிவிட்டுப் பொம்மையின் பேட்டரியைக் கழற்றி மேசைமேல் வைத்தேன். பொம்மையை அலமாரிக்குள் கிடத்திப் பூட்டினேன். கையை எடுத்த பிறகும் பூட்டு கதவில் மெல்லத் தட்டிக்கொண்டிருந்தது. இதோ நின்றுவிடும் என்று, பழக்கதோஷத்தில் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றேன்.

ஐந்து நிமிடம் தாண்டிவிட்டது.