மஞ்சள் பலகை

ஒன்பதாம் வகுப்பிலிருந்து இன்னொருத்தி வந்து சாவி கேட்டாள்.

பள்ளி அலுவலகத்தில் இருந்த சாவியக்காவுக்குத் தலை சுற்றியது. பள்ளியின் சாவிகளெல்லாம் அவள் பொறுப்பு; அதனால் பிள்ளைகள் வைத்த பெயர் அது.

ஒரு வகுப்பு முழுக்கவா ஒரே வாரத்தில் வயிறு கெட்டுப்போகும்?

அது நீள வராந்தாவின் கடைசியில், பூட்டியே கிடந்த கழிப்பறையின் சாவி. நெட்டைக்காகத் திறந்துவிட்டது.

நெட்டையும் அதே ஒன்பதாம் வகுப்புதான்; திருநங்கை. பையன்கள் கழிப்பறைக்குப் போனால் கதவை வெளியே தாழ் போட்டு வம்பு பண்ணினார்கள். பெண்கள் பக்கம் வரக் கூடாது என்று பள்ளியே சொல்லிவிட்டது. பிள்ளை பொழுதுக்கும் பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் கிடந்து, ஒருநாள் காலைக் கூட்டத்தில் மயங்கி விழுந்த பிறகுதான் தலைமையாசிரியர் இறங்கிவந்தார். அவள் பெயரைச் சொல்ல அவருக்குக் கூச்சம். தேவைப்படுகிறவர்களுக்குக் கொடுங்கள் என்று பொதுவாகச் சொல்லி வைத்தார். ஏதாவது விளையாட்டுத்தனம் நடந்தால் மறுபடி பூட்டிவிடுவாராம்.

சாவி தொலைந்தால்கூட மனுஷனுக்கு அது போதுமே! சாவியக்கா தன் புத்திசாலித்தனத்தையெல்லாம் கொட்டி, முழ நீளப் பலகை ஒன்றில் சாவியைக் கட்டி, அதற்கு மஞ்சள் பெயிண்டும் அடித்துவிட்டாள். இனி யார் தொலைக்கிறார்கள், பார்த்துவிடலாம்.

தொலையவில்லை. ஆனால் இப்போது இந்தக் கூத்து.

கேலி பண்ணத்தான் வருகிறார்களோ? தலைமையாசிரியர் கண்ணில் பட்டால் நெட்டையின் பாடு அதோகதிதான். இரண்டு அதட்டு அதட்டி அனுப்பியிருக்கலாம். ஆனால் என்னதான் நடக்கிறது என்று தெரியாவிட்டால் சாவியக்காவுக்கு மண்டை வெடித்துவிடும்.

பலகையைக் கொடுத்துவிட்டுப் பின்னாலேயே போனாள்.

அந்தப் பெண் பலகையை வீசி வீசி, அவசரமே இல்லாமல் வராந்தா முழுக்க நடந்தாள். கடைசிக் கதவைத் தொட்டாள். திறக்காமலே திரும்பினாள்.

இதென்னடா கூத்து!

பத்தாம் வகுப்பு ஜன்னலில் ஒருவன் பலகையைக் கண்டதும் பழக்கதோஷத்தில் விசிலடிக்க விரலை வாயில் வைத்தான். அப்புறம்தான் ஆளைப் பார்த்தான். அசடு வழிய விரலை எடுத்துக்கொண்டான். பக்கத்தில் இருந்தவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

சாவியக்காவுக்குச் சுருக்கென்றது.

இந்த மஞ்சளைத் தூக்கிக்கொண்டு நெட்டை இதே ஜன்னலைத் தாண்டி எத்தனை தரம் தனியாக நடந்திருப்பாள்! தண்டோரா போட்டது வேறு யாருமில்லை. மெனக்கெட்டுப் பெயிண்ட் அடித்தவள்தான்.

இப்போது அவள் வகுப்பே பலகையைத் தூக்கிக்கொண்டு நடக்கிறது. யார் தேவைக்குப் போகிறார்கள், யார் சும்மா போகிறார்கள் என்று ஒருத்தனுக்கும் விளங்காது. அடிக் கழுதைகளா! அவளுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது.

அடுத்த மணி அடித்ததும் நெட்டையே வந்தாள். சாவியக்கா கையை நீட்டினாள். உள்ளங்கையில் வெறும் சாவி. விரலை மடக்கினால் வெளியே தெரியாது.

“பலகை எங்கக்கா?”

“அதுவா? எங்கயோ தொலைஞ்சுபோச்சு. நீ போயிட்டு வா.”