சாணைக்கல்லில் ஓர் ஊசி

அவர்கள் குடிபெயர்ந்து வந்த பனிநாட்டு நகரமான ஒடென்சேயில் பிற்பகல் மூன்று மணிக்கே வெளிச்சம் வற்றுகிறது. வீட்டின் அடியறையில் இருக்கிற பட்டறையின் சின்ன யன்னலில் பனி பாதிவரை ஏறி நிற்கிறது. அழகரத்தினத்தின் மேசையில், விரித்த கைலேஞ்சித் துணியின் நடுவில், ஒரு துவக்கின் ஊசி கிடக்கிறது. தோட்டாவின் பின்பக்கத்தில் குத்தி அதை வெடிக்கவைக்கிற சின்ன உருக்குத் துண்டு. அதைக் கொண்டுவந்த ஊர்க்காரன் சீவரத்தினம் ஜாக்கெட்டைக்கூடக் கழற்றாமல் நிற்கிறான்.

"இதே அளவில நூறு கடைஞ்சு தாங்கோ அண்ணை. நாட்டுக்குத்தானே. உங்கட கைக்கு இது பெரிய வேலையே?"

அழகரத்தினம் ஊசியை விரல்களுக்கிடையில் உருட்டிப் பார்க்கிறார். "ஊரிலயும் நான் செய்து குடுத்தனான். அந்த ஊசி போட்ட துவக்காலதான் போன வைகாசியில என்ர மச்சானைச் சுட்டவங்கள். சுட்டதும் எங்கட இயக்கப் பெடியள்தான்."

தேத்தண்ணியோடு இறங்கி வந்த மனைவி தங்கராணி கடைசிப் படியில் நின்றுவிடுகிறாள். செத்தவன் அவளுடைய தம்பி. அழகரத்தினம் ஊசியைக் குறட்டால் பிடித்து, சாணைக்கல்லின் சுவிட்சைத் தட்டுகிறார். கல் இரைகிறது. மஞ்சள் பொறிகள் அவருடைய சட்டைக்கையில் விழுந்து அணைகின்றன.

"ஐயோ அண்ணை, மாதிரிக்கு அது ஒண்டுதான் இருக்கு!"

அவர் நிமிரவில்லை. சுட்ட இரும்பைத் தண்ணீர்ப் பேணியில் தோய்க்கிறார், மறுபடி அழுத்துகிறார். கல் ஓயும்போது குறட்டின் வாயில் ஓர் உளுந்தளவு மிச்சம் இருக்கிறது. அதைக் கைலேஞ்சியில் வைத்து, முடிந்து, சீவரத்தினத்திடம் நீட்டுகிறார்.

தங்கராணி கோப்பையை மேசையில் வைக்கிறாள்.

"தேத்தண்ணி ஆறுது. குடிச்சிட்டுப் போங்கோ."