பச்சைக் கதவு

“இதுதான்டா என் வீட்டுக் கதவு” என்று எர்மினியோ அந்தப் பச்சைக் கதவைத் தடவினார். மனிதருக்குக் கண் கலங்கிவிட்டது.

எரிமலைக் குழம்பு ஊர்ந்து வந்தபோது, வீட்டைத்தான் காப்பாற்ற முடியவில்லை என்று ஜனங்கள் கதவு ஜன்னலையாவது கழற்றிக்கொண்டு ஓடினார்கள். எல்லாம் சாலையோரம் அடுக்கிக் கிடந்தன. அதற்கு அப்பால் கண்ணுக்கெட்டிய வரை கருங்கல்லாய் உறைந்த குழம்பு. அதன் அடியில் ஃபோகோ தீவின் ஒரு முழு ஊர்.

தம்பி லீனோ பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டான். அந்த ஊரில் அண்ணனுக்கு வீடு என்று ஒன்று இருந்ததே இல்லை. வீடு கட்டச் சொல்லி அவர் அமெரிக்காவிலிருந்து வருஷக்கணக்கில் அனுப்பிய பணம் ஒரு ஓட்டை லாரியிலும் கரும்புச் சாராயத்திலும் கரைந்துபோனது. ‘வீடு முடிஞ்சாச்சு’ என்று லீனோ அனுப்பிய படம் பெரியவர் ஃபிலிந்தோவின் வீடு. இந்தக் கதவும் அவருடையதுதான்.

மலை வெடித்த அன்று ஊரே அழுதது. லீனோவும்தான் அழுதான், ஆனால் உள்ளுக்குள் ஒரு ‘அப்பாடா’. பாவி, பொய்யைப் புதைக்க அவனுக்கு ஒரு மலையே வேண்டியிருந்தது.

பேச்சை மாற்றப் பார்த்தான். “ஏண்ணே, அமெரிக்காலேருந்து வர்றவங்க பீப்பாய் பீப்பாயா சாமான் கொண்டாருவாங்க. நீ ஒத்தப் பையோட வந்து நிக்கிறே. பிள்ளைங்களுக்கு ஒரு மிட்டாய்கூடக் கிடையாதா?”

“திடீர்னு கிளம்ப வேண்டியதாப் போச்சுடா.”

அதற்குள் கழுதையோடு ஃபிலிந்தோவே வந்துவிட்டார். “யாருய்யா அது, என் கதவுல...” என்று ஆரம்பித்தவரை லீனோ ஓடிப்போய் மடக்கினான்.

“பெரியவரே, உங்க கால்ல விழறேன். நாலு நாள் விருந்தாளி. அவர் பிளேன் ஏறினதும் கதவு உங்க கைக்கு வந்துடும். காட்டிக் குடுத்துடாதீங்க.”

ஃபிலிந்தோ காறித் துப்பினார். “உன்னைத்தான்டா அந்தக் குழம்புல தள்ளியிருக்கணும்.”

ஆனால் எர்மினியோ கதவில் கன்னத்தை வைத்து நின்றதை அவரால் பார்க்க முடியவில்லை. வீடு போன வலி அவருக்குத் தெரியாததா? பக்கத்தில் போய், “உன் கதவுதான்பா, எர்மினியோ. பத்திரமா எடுத்து வெச்சேன்” என்றார்.

எர்மினியோ அவர் கையைப் பிடித்துக்கொண்டு விம்மினார்.

லீனோவுக்குப் போன உயிர் திரும்பியது. கூடவே பழைய வாய்த்துடுக்கும் வந்தது.

“விடுண்ணே. இந்த ஒரு வீடு போனா உனக்கு என்ன? அங்கே ராஜா மாதிரி இருக்கறவன் நீ. கதவைத் தடவிக்கிட்டே நின்னா எப்படி, பிளேன்ல ஏத்திக்கிட்டுப் போகப் போறியா?”

எர்மினியோ முகத்தைத் துடைத்துக்கொண்டு தம்பியைப் பார்த்தார்.

“கையில விலங்கு மாட்டி நாடு கடத்திட்டாங்கடா. எனக்குன்னு இருந்தது அந்த வீடு ஒண்ணுதான்.”