மேற்கில் ஒரு மேகம்

“மேடம், மேற்கே மேகத்தோட அடிப்பக்கம் கீழ இறங்கியிருக்கு. தூக்கத்துல புரள்ற மாதிரி மெதுவாச் சுத்துது,” என்றார் தையல்காரர், மொட்டைமாடியிலிருந்து போனில்.

“மழைக்குள்ளயா?” என்றாள் வானிலை அலுவலகப் பெண்.

“வெளியில. உங்க ஆபீஸ் பயிற்சியில காட்டின அதே சூறாவளி மேகம்தான்.”

“லைன்ல இருங்க. எச்சரிக்கை அனுப்பிட்டு வர்றேன்.”

தண்ணீருக்கடியில் இருப்பதுபோல் தெருவெங்கும் பச்சை வெளிச்சம் மிதந்தது. மனைவி மேலே ஓடி வந்தாள்.

“யார்கிட்டங்க பேசறீங்க?”

அவர் போனைப் பொத்திக்கொண்டார். “நம்ம பொண்ணுதான்.”

கல்யாணச் சண்டையில் வீட்டோடு பேச்சை முறித்துக்கொண்டு போனவள்!

“இதுக்காகத்தான் மேகம் பாக்கக் கத்துக்கிட்டீங்களா?”

“மெதுவாப் பேசு. நாமன்னு தெரிஞ்சா போனை வெச்சிடுவா.”

போனைக் காதில் வைத்தார்.

“எச்சரிக்கை போயிடுச்சு. அம்மாவைக் கூட்டிட்டு உடனே கீழ இறங்குங்கப்பா.”