நாகதேவிக்கு ஓர் உளி

கதவு தடதடவென்று அதிர்ந்தது. சிற்பி பாஷெது திறந்ததும், பக்கத்து வீட்டு ஹென்வா கையில் ஒரு சுண்ணாம்புக் கல்லோடு உள்ளே புகுந்தாள்.

"அண்ணே, இதுல நாகதேவி மெரெத்செகரைச் செதுக்கிக் குடுங்க. என் புருஷனுக்கு ரெண்டு கண்ணும் இருட்டிப் போச்சு. காணிக்கையா வச்சா பார்வையை அவதான் திருப்பித் தரணும்."

"அவனுக்கா? முடியாது!" பாஷெதுவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "அரசாங்க உளியை நான் திருடினேன்னு ஊர்ச் சபையில சத்தியம் பண்ணினவன் அவன். மன்னர் கல்லறையில சிற்பம் செதுக்கின கை, ரெண்டு மாசமா கல் உடைக்குது!"

"கண்ணால பார்த்ததைத்தானே சொன்னாரு?"

"பொய்ச் சத்தியம் பண்ணினா கண்ணைப் பறிக்கிறதும் அதே தேவிதான்!"

"திருட்டு நீ செய்வே, சாபம் அவருக்கா? நல்லா இருக்குய்யா உன் நியாயம்!"

"சரி, எதை வச்சுச் செதுக்க? என் உளி அத்தனையும் பிடுங்கிட்டுப் போயிட்டாங்க. நகத்தால கீறவா?"

"சாக்கா சொல்றே? இரு!"

விடுவிடுவென்று போனவள் ஒரு துணிப்பொட்டலத்தோடு திரும்பி வந்து, அதை அவன் முன்னால் எறிந்தாள். பாஷெது பிரித்தான். செம்பு உளி. அதன் தலையில் மன்னரின் முத்திரை.

"இது ஏது உனக்கு?"

"எங்க மாமனார் காலத்து உளியாம். ரெண்டு மாசமா பார்லிப் பானைக்குள்ள சும்மாத்தான் கிடக்கு. பாஷெது கண்ணுல மட்டும் காட்டிடாதேன்னு என் புருஷன்தான் சொல்லி வச்சிருந்தாரு!"